சுட்ட சுண்ணாம்பு தாளிக்கும் சூடு: கணக்கில் 68 டிகிரி, தெர்மாமீட்டரில் 30தான். மிச்சம் எங்கே?

குடியாத்தம்_லேப் (பதிவு 1)

பதினொன்றாம் வகுப்புக்கு வெப்ப உமிழ் வினையைக் கண்ணால் காட்டச் சுட்ட சுண்ணாம்பை (கால்சியம் ஆக்சைடு) எடுத்திருக்கிறோம். அதைத் தண்ணீரோடு சேர்த்து நீர்க்கவைப்பதைத்தான் தாளிப்பது என்கிறார்கள். அமிலம்-கார நடுநிலையாக்கலில் ஒரு மோலார் கரைசல்கள் 50 மி.லி.யும் 50 மி.லி.யும் கலந்தால் ஏழு டிகிரிகூட ஏறாது. கடைசி பெஞ்சுக்கு அது ஒரு காட்சியே இல்லை.

செய்த விதம்: எவர்சில்வர் சொம்பு, வெறும் எடை 350 கிராம். தண்ணீர் 400 மி.லி., 33 டிகிரி. அறையும் 33தான். சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், பட்டாணி அளவுக்கு உடைத்தது. மேலே ஒரு தட்டு, மரக்குச்சியால் கிளறல்.

1 நிமிடம்: 37
3 நிமிடம்: 45
5 நிமிடம்: 52
8 நிமிடம்: 59
12 நிமிடம்: 63
15 நிமிடம்: 63.5 (உச்சம்)
20 நிமிடம்: 62
25 நிமிடம்: 60
30 நிமிடம்: 58.2

கால்சியம் ஆக்சைடு ஒரு மோல் தண்ணீரோடு சேர்ந்தால் 65 கிலோ ஜூல் வரும் என்று வைத்துப் போட்ட கணக்கில் 68 டிகிரி ஏறியிருக்க வேண்டும். ஏறியதோ 30.5. பாதிகூட இல்லை. "மீதி சுற்றுப்புறத்துக்குப் போய்விட்டது" என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் எவ்வளவு போனது, எந்த வழியாகப் போனது என்று மாணவர்கள் கேட்டால் பதில் வேண்டும்.

கலோரி_கணக்கு (பதிவு 2)

68 சரியான எண்தான், சொம்பை விட்டுவிட்டால். 100 கிராம் சுத்தமான கால்சியம் ஆக்சைடு 1.78 மோல், வெளிவருவது 116 கிலோ ஜூல். அதில் 32 கிராம் தண்ணீர் வினையிலேயே செலவாகிவிடும். மீதி 368 கிராம் தண்ணீரும் 132 கிராம் நீர்த்த சுண்ணாம்பும் (கால்சியம் ஹைட்ராக்சைடு) சேர்ந்து ஒரு டிகிரி ஏற 1.69 கிலோ ஜூல் கேட்கும். சொம்பும் கூடவே சுடுகிறது: 350 கிராம் ஸ்டீல், கிராமுக்கு 0.5 ஜூல், ஆக 0.175. கூட்டினால் 1.87. இப்போதே எதிர்பார்ப்பு 68-லிருந்து 62-க்கு இறங்கிவிட்டது.

அடுத்து, சொம்பு ஆறுவதால் ஆகும் இழப்பு. இதை ஊகிக்க வேண்டாம், உங்கள் அட்டவணையிலேயே இருக்கிறது. 20-லிருந்து 30 நிமிடத்துக்குள் 3.8 டிகிரி இறங்கியிருக்கிறது, நிமிடத்துக்கு 0.38. அந்த நேரத்தில் சொம்பு அறையைவிடச் சராசரி 27 டிகிரி அதிகம். 0.38-ஐ 27-ஆல் வகுத்தால் 0.014. அதாவது அறையைவிட எத்தனை டிகிரி அதிகமோ, அதில் ஆயிரத்தில் 14 பங்கு ஒவ்வொரு நிமிடமும் கசிகிறது. அளவு எடுத்த ஒவ்வொரு இடைவெளிக்கும் "சராசரி அதிகம் × நிமிடம்" போட்டு 15 நிமிடம் வரை கூட்டுங்கள். எனக்கு 320 வந்தது. 0.014-ஆல் பெருக்கினால் 4.5 டிகிரி.

ஆக, கசிவே இல்லையென்றால் உயர்வு 35. அதை 1.87-ஆல் பெருக்கினால் 65 கிலோ ஜூல். 116-இல் இது 56 சதம்தான். சுற்றுப்புறத்துக்கு ஓடியது வெறும் 8 கிலோ ஜூல். மீதி 51 ஓடவே இல்லை, பிறக்கவே இல்லை. உங்கள் சுண்ணாம்பில் 100 கிராமுக்கு 56 கிராம்தான் வேலை செய்யும் சரக்கு.

"போன வெப்பம்" என்று எல்லாக் குறையையும் சுற்றுப்புறத்தின் தலையில் கட்டுவது லேப் நோட்டுகளின் பழைய வழக்கம். அந்தச் சுற்றுப்புறத்தையும் அளக்கலாம்.

காளவாய்_பக்கம் (பதிவு 3)

இன்னா சார், அது கடைல மூட்டை பிரிச்சி வெச்ச சரக்குதானே? மூணாவது நிமிசத்துல 45-னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுலியே தெரியுது. நல்ல வெந்த கல்லு அந்நேரத்துக்குக் கொதிக்கணும்.

கல்லைப் பாக்கற விதம் சொல்றேன். சுண்ணாம்புக்கல் 1 கிலோ காளவாய்ல முழுசா வெந்தா 560 கிராம்தான் நிக்கும், மீதி புகையோட போயிடும். ஆனா கட்டி சைஸ் பெருசாக் குறையாது. அதனால வெந்த கட்டி கையில எடுத்தா லேசா இருக்கணும். அதே சைஸ்ல ஒண்ணு கனமா இருந்தா உள்ள நெஞ்சு வேகல, அப்பிடியே பச்சைக் கல்லு. ரெண்டாவது, கட்டி ஓரம் மாவா உதிர்ந்து கையில ஒட்டுதா பாருங்க. ஒட்டுச்சின்னா காத்துல இருக்கற ஈரத்தையே குடிச்சி பாதி தாளிஞ்சிடுச்சி. அது தண்ணில போட்டா சும்மா கரையும், சூடு குடுக்காது.

காளவாய்லேர்ந்து வந்த அன்னிக்கே மூடி போட்ட தகர டின்ல அடைச்சி வெச்ச கல்லா கேட்டு வாங்குங்க.

பிளஸ்_டூ_பையன் (பதிவு 4)

சார், மேடம், எனக்கு அடிப்படையிலயே ஒரு டவுட். பிணைப்பு உடையும்போது அதுக்குள்ள இருக்கற ஆற்றல் வெளிய வருதுன்னு டியூஷன்ல சொன்னாங்க. இங்க எந்தப் பிணைப்பு உடையுது? அப்புறம், வந்த ஆற்றல் சொம்புக்கு எப்படிப் போய்ச் சேருது?

கலோரி_கணக்கு (பதிவு 5)

> பிணைப்பு உடையும்போது அதுக்குள்ள இருக்கற ஆற்றல் வெளிய வருது

தம்பி, இது தலைகீழ். எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவழிக்க வேண்டும். பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். வரவு செலவைவிட அதிகமானால் வெப்ப உமிழ் வினை.

இங்கே செலவு: தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்குவது, நெருக்கமாக அடுக்கியிருந்த கால்சியம் ஆக்சைடுப் படிகத்தைப் பிரிப்பது. வரவு: ஆக்சைடு அயனி அந்தப் புரோட்டானை வாங்கிக்கொள்ள ஒன்று இரண்டு ஹைட்ராக்சைடாக ஆவது, புதுப் படிகம் அடுக்கடுக்காகக் கட்டிக்கொள்வது. வரவிலிருந்து செலவைக் கழித்தால் மோலுக்கு 65 கிலோ ஜூல் மிச்சம்.

அந்த மிச்சம் முதலில் வெப்பமாக இருப்பதில்லை. புதிதாகப் பிறந்த ஹைட்ராக்சைடு அயனிகளும் சுற்றியுள்ள அயனிகளும் வழக்கத்தைவிட வேகமாக அதிர்கின்றன. அந்த அதிர்வு பக்கத்து அயனிக்கும், அங்கிருந்து கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் மூலக்கூறுக்கும் மோதி மோதிப் பரவுகிறது. அதிர்வு எல்லோருக்கும் பங்காகிவிட்ட பிறகு அதைத்தான் தெர்மாமீட்டர் வெப்பநிலை என்று காட்டுகிறது.

அங்கிருந்து வெளியே போகும் வழிகள்:

கல்லிலிருந்து தண்ணீருக்குக் கடத்தல். இது குறைந்த தூரம், ஆனால் கல்லின் நடுவில் இருக்கும் சூடு வெளியே வர நேரமாகும். அதனால்தான் பட்டாணி அளவுக்கு உடைக்கிறோம். தண்ணீருக்குள் வெப்பச்சலனம், கூடவே உங்கள் மரக்குச்சி. பிறகு சொம்புச் சுவர் வழியாகக் காற்றுக்கு. கதிர்வீச்சும் உண்டு, பளபளக்கும் எவர்சில்வர் குறைவாகத்தான் கதிர்வீசும், கரிபிடித்த சொம்பானால் கூடுதல்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஆவி. 18 கிராம் தண்ணீர் கொதிநிலையில் ஆவியாகப் போனால் 40.7 கிலோ ஜூலைத் தூக்கிக்கொண்டு போகும். அதில் 3.1 கிலோ ஜூல் ஆவி தனக்கு இடம்பிடிக்க வெளிக்காற்றைத் தள்ளும் வேலைக்கே செலவாகிறது. வெப்பமாக அல்லாமல் வேலையாகவும் ஆற்றல் சுற்றுப்புறத்துக்குப் போகும் என்பதற்குப் பாடப்புத்தகம் பிஸ்டன் படம் போடும். சொம்புத் தட்டு "டக் டக்" என்று தூக்கிப் போடுவதைக் காட்டினாலே போதும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள். "அமைப்பு", "சுற்றுப்புறம்" என்ற கோட்டை நாம்தான் போடுகிறோம். கலோரிமீட்டர் கணக்கில் வினைபடும் சுண்ணாம்பும் அது தின்னும் தண்ணீரும் அமைப்பு; மீதித் தண்ணீர், சொம்பு, குச்சி எல்லாமே சுற்றுப்புறம். ஆகவே தெர்மாமீட்டர் காட்டுவதே சுற்றுப்புறத்தின் சூடுதான்.

பிளஸ்_டூ_பையன் (பதிவு 6)

அப்ப வெப்பம் வெளிவரும்னா ஏன் எல்லாம் தானா ஆரம்பிக்கல மேடம்? தீப்பெட்டிய உரசினாத்தானே எரியுது.

குடியாத்தம்_லேப் (பதிவு 7)

நம்ம குடியாத்தத்துத் தொழிலையே கேட்டுவிட்டாய். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸும் இருக்கும். இரண்டும் உரசும் இடத்தில் பிறக்கும் சிறு பொறி, வினை தொடங்க வேண்டிய கிளர்வு ஆற்றலைக் கொடுக்கிறது. பிறகு முதல் துளி வெளிவிடும் வெப்பமே பக்கத்துத் துளியைக் கிளப்பும். சுண்ணாம்புக்கும் தண்ணீருக்கும் அந்த மேடு மிகத் தாழ்வு, தொட்டாலே போதும்.

தோல்_வேதி (பதிவு 8)

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிகளில் இந்தக் கணக்கைத் தினமும் பார்க்கலாம், யாரும் கணக்கு என்று சொல்லமாட்டார்கள் அவ்வளவுதான். பிக்கிள் போடும்போது (பதனிடும் முன் தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஓட்டும் கட்டம்) கந்தக அமிலம் கரைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1000 கிலோ தோலுக்கு 1 சதம் அமிலம், 10 கிலோ, ஏறத்தாழ ஐந்தரை லிட்டர். இதைப் பத்து மடங்கு தண்ணீரில், 100 லிட்டரில், கரைப்பது வழக்கம். அப்போது வெளிவருவது சுமார் 7 மெகா ஜூல். 110 கிலோ கரைசலுக்கு அது 16 டிகிரி உயர்வு. மார்கழியில் தொட்டித் தண்ணீர் 25 என்றால் 41 ஆகும், சமாளிக்கலாம். மே மாதம் மொட்டைமாடித் தொட்டியில் 36 என்றால் கரைசல் 52. அதை அப்படியே தோல் சுழலும் டிரம்மில் ஊற்றினால் தோல் போச்சு. பச்சைத் தோல் 60-65 டிகிரியில் சுருங்கும்; அமிலம் ஏறிய தோல் அதற்கு வெகு கீழேயே சுருங்கிவிடும். ஊற்றிய இடத்தில் மட்டும் தோல் விறைத்துச் சுருங்கி, பூப்பகுதி (தோலின் மேல்முகம்) சொரசொரப்பாகி நிற்கும். ஆனால் பழி அமிலத்தின் மேல் விழும், சூட்டின் மேல் விழாது.

செய்யவேண்டியது: முந்தின நாள் சாயங்காலமே கரைத்து மூடி வையுங்கள். பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் 100 லிட்டர் தண்ணீர். அமிலத்தை மெல்லிய தாரையாக விட்டுக் கிளறுங்கள். தலைகீழாக அமிலத்தின் மேல் தண்ணீர் விடவே கூடாது. அமிலத்தின் அடர்த்தி 1.84, தண்ணீர் மேலே மிதக்கும். இரண்டும் தொடும் மெல்லிய அடுக்கிலேயே முழு வெப்பமும் பிறந்து, அந்தத் தண்ணீர் நொடியில் கொதித்து அமிலத்தை முகத்தில் தெறிக்கும். மொத்த வெப்பம் இரண்டு முறையிலும் ஒன்றே. எவ்வளவு பொருள் அதைப் பங்கு போட்டுக்கொள்கிறது என்பதுதான் வித்தியாசம்.

மறுநாள் தோல் டிரம்மில் முதலில் உப்பு. 80 சதம் தண்ணீர், 8 சதம் உப்பு, 10 நிமிட ஓட்டம். உப்பு இல்லாமல் அமிலம் போனால் தோல் ஊதிவிடும். (உப்புக் கரைவது வெப்பங்கொள் நிகழ்வு. 800 லிட்டரில் 80 கிலோ கரைந்தால் தண்ணீர் ஒன்றரை டிகிரி குளிரும், தோலைக் கணக்கில் சேர்க்காமல். பையன்களுக்கு இதையும் காட்டலாம்.) அப்புறம் ஆறிய அமிலத்தை மூன்று பங்காக, 15 நிமிட இடைவெளியில். ஒன்று ஒன்றரை மணி நேரம் ஓட்டி, தோலின் கனமான இடத்தில் வெட்டி புரோமோகிரிசால் கிரீன் என்ற நிறங்காட்டிச் சொட்டு விட்டால் முழு வெட்டும் மஞ்சளாக இருக்கவேண்டும், குளியலின் பி.எச். 2.8-க்கும் 3-க்கும் நடுவில்.

சூட்டைப் பற்றிய இழையானாலும் இதைச் சொல்லாமல் விடமுடியாது: சோடியம் சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவுநீரோடு இந்த அமிலம் சேரக்கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு வரும். அதில் ஆள் விழ ஒரு மூச்சுப் போதும்.

காளவாய்_பக்கம் (பதிவு 9)

> முதலில் தண்ணீர், அப்பால அமிலம்

சுண்ணாம்புக்கும் அதே சட்டம்தான் சார். பூச்சு வேலைக்குத் தாளிக்கறப்ப தொட்டில மொதல்ல தண்ணி, அப்பால கொஞ்சம் கொஞ்சமா கல்லு. கல்லைக் கொட்டிட்டு மேல தண்ணி தெளிச்சா அடில இருக்கறது காய்ஞ்சி வெந்துரும், மாவு கட்டி கட்டியா நிக்கும். அப்பால எவ்ளோ ஊற வெச்சாலும் வெண்ணெ மாதிரி வராது. அதே நேரம் தண்ணிய ஒரேடியா ஊத்தினாலும் கல்லு முழுகிப்போயி சூடே ஏறாம மந்தமா கரையும், நறநறன்னு இருக்கும். எவ்ளோ தண்ணி சரி, ஏன் சரின்னு மேடம் கணக்குல சொல்லுங்க.

கலோரி_கணக்கு (பதிவு 10)

அண்ணா, உங்கள் கை சொல்வதைத்தான் எண்ணும் சொல்கிறது. 1 கிலோ சுத்தமான சுண்ணாம்பு எப்படித் தாளித்தாலும் 1160 கிலோ ஜூல்தான் தரும். வினைக்கு மட்டும் வேண்டிய தண்ணீர் 320 மி.லி. தொடக்கம் 33 டிகிரி, வெளியே எதுவும் கசியவில்லை என்று வைத்தால்:

700 மி.லி. தண்ணீர் விட்டால், அதிகப்படி 380 மி.லி.யும் ஆவியாகிப் பறந்துவிடும். அதற்கும் மேல் வெப்பம் மிஞ்சி, காய்ந்த மாவு 150 டிகிரியைத் தாண்டும். தூள் சுண்ணாம்பு தயாரிக்கும் ஆலைகள் அளந்து செய்வது கிட்டத்தட்ட இதுதான். கைக்கணக்கில் செய்தால் சில இடத்தில் தண்ணீர் இன்னும் குறைவாக விழும். அங்கே இன்னும் மேலே ஏறும். நனைந்த சுண்ணாம்பு மூட்டையில் சாக்கு கருகுவதும் பற்றிக்கொள்வதும் இப்படித்தான்.

2.5 லிட்டர் விட்டால், கொதிநிலைக்குப் போய் அங்கேயே நிற்கும். 200 கிராம் ஆவியாகப் போகும். 4 லிட்டர் விட்டால் கொதியைத் தொட்டுத் தொடாமல். 6 லிட்டரில் 79 டிகிரி. 10 லிட்டரில் 61.

வெண்ணெய் மாதிரி வர, கொதியை ஒட்டியும் தண்ணீர் வற்றாமலும் இருக்கவேண்டும். சூடான நீரில் வினை வேகமாக நடந்து எண்ணற்ற நுண்துகள்கள் ஒரே நேரத்தில் பிறக்கும், அதுதான் வழவழப்பு. குளிர்ந்த நிறையத் தண்ணீரில் சில துகள்கள் மெல்லப் பெரிதாக வளரும். கல்லின் மேல் ஹைட்ராக்சைடு தோல் மூடி உள்ளே தண்ணீர் போகாது. அதுதான் உங்கள் "நறநற". ஆகவே நல்ல கல்லுக்கு எடையில் 3 முதல் 4 மடங்கு தண்ணீர். மந்தமான கல்லுக்குக் குறைவான, முடிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்கி, சூடு பிடித்த பின் கூட்டுவது.

இன்னொன்று, கால்சியம் ஆக்சைடு நீர்த்தபின் திடப்பொருளின் கன அளவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பூச்சுக்குள் தாளியாத ஒரு மிளகளவு கல் இருந்தாலும் மாதங்கள் கழித்துப் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். அளவுக்கு மீறி வெந்த மக்னீசியம் ஆக்சைடு இன்னும் மோசம், மிகத் தாமதமாகத்தான் நீர்க்கும்.

சைட்_இன்ஜினீயர் (பதிவு 11)

கான்கிரீட்டிலும் இதே கதை, நேரம் மட்டும் நிமிடத்துக்குப் பதில் நாட்கள். ஒரு கனமீட்டரில் 400 கிலோ சிமென்ட், ஏழு நாளில் கிலோவுக்கு 300 கிலோ ஜூல் என்றால் 120 மெகா ஜூல். 2400 கிலோ கான்கிரீட் ஒரு டிகிரி ஏற 2.4 மெகா ஜூல் போதும். வெளியே போகவே வழியில்லை என்றால் 50 டிகிரி ஏறும். ஐந்து அங்குல ரூஃபில் யாருக்கும் தெரியாது, மேலும் கீழும் ஓடிவிடும். ஒன்றரை மீட்டர் கனமான ராஃப்ட் அடித்தளத்தின் நடுவில் அந்த வெப்பத்துக்குப் பக்கத்து கான்கிரீட்டும் சூடுதான், போக இடமில்லை. நடுவுக்கும் மேல்பரப்புக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் விரிசல். கோடையில் போடும்போதே கான்கிரீட் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது விதி. குறைவெப்ப சிமென்டுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 12600 வைத்திருக்கும் எல்லை 7 நாளில் கிராமுக்கு 272 ஜூல், 28 நாளில் 314.

கோணிப்பை போட்டு நனைப்பதை வெறும் தண்ணீர் ஊற்றுவதாக நினைக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரைச் சூடான மேல்பரப்பில் திடீரென்று அடித்தால் அந்த 20 டிகிரியை நாமே உண்டாக்குகிறோம்.

பாலாறு_வெயில் (பதிவு 12)

எல்லாரும் வெப்பநிலையைச் சொல்றீங்க. அக்னி நட்சத்திரத்துல வேலூர்ல 41, 42 அடிக்கும்போது சுண்ணாம்பு அதிகமா சூடு கொடுக்கும்னு கேள்வி. உண்மையா?

தோல்_வேதி (பதிவு 13)

உண்மை. எங்கள் அனுபவத்தில் கோடையில் எல்லாமே அதிகம்.

கலோரி_கணக்கு (பதிவு 14)

மன்னிக்க வேண்டும், அப்படி இல்லை. கிலோவுக்கு 1160 என்பது 25-க்கும் 42-க்கும் நடுவில் கண்டுபிடிக்கத்தக்க அளவுக்கு மாறாது. மாறுவது மூன்று: தொடக்கப் புள்ளி உயரம், அதனால் உச்சமும் உயரம், சூடான தண்ணீரில் வினை வேகம் அதிகம், அதே வெப்பம் குறைந்த நேரத்தில் வந்து குவியும், சுற்றுப்புறக் காற்றே சூடாக இருப்பதால், கலவை அதே டிகிரியில் நிற்கும்போது காற்று வாங்கிக்கொண்டு போகும் வேகம் குறைவு. கசிவு வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது என்று மேலே பார்த்தோம். பிறக்கும் வேகம் கூடுகிறது, போகும் வேகம் குறைகிறது. கொடுப்பது அதே அளவு.

தோல்_வேதி (பதிவு 15)

ஒப்புக்கொள்கிறேன், "அதிகம்" என்று தவறாகச் சொன்னேன். பிறக்கும் வேகம், போகும் வேகம் என்றதும் ஞாபகம் வருவது குரோம் லிக்கர், அதாவது தோல் பதனிடும் குரோமியம் கரைசல். இப்போது பெரும்பாலோர் ஆயத்தப் பொடியாக வாங்குகிறார்கள். முன்பு சோடியம் டைகுரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் கலந்து வெல்லப்பாகோ சர்க்கரையோ விட்டு ஒடுக்குவார்கள். 100 கிலோ டைகுரோமேட்டுக்குச் சமன்பாட்டின்படி 14 கிலோ சர்க்கரை போதும்; சர்க்கரை முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகப் போவதில்லை என்பதால் நடைமுறையில் கூடுதல் பிடிக்கும்.

சூடு ஏறிய பிறகு வெளி நெருப்பே வேண்டாம், தானாகக் கொதிக்கும். ஆபத்து அங்கில்லை, ஆரம்பத்தில்தான். தொட்டி ஆறிக் கிடக்கும்போது "ஒன்றும் நடக்கவில்லையே" என்று பாகை விட்டுக்கொண்டே போனால் அது வினைபடாமல் உள்ளே சேரும். பிறகு ஒரு புள்ளியில் சூடு பிடிக்க, வேகம் கூட, அதனால் இன்னும் சூடு. சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வினைபட்டு, கார்பன் டை ஆக்சைடு நுரையோடு ஆறு இணைதிறன் குரோமியம் தொட்டியை விட்டுப் பொங்கும். அதனால் சின்னப் பங்கை விட்டு, நிறம் மாறி நுரை அடங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த பங்கு. தெர்மாமீட்டர் அசையவில்லை என்றால் பாகை நிறுத்தவேண்டுமே தவிர கூட்டக்கூடாது.

குடியாத்தம்_லேப் (பதிவு 16)

நீங்கள் எல்லாம் சொன்னதை வைத்து இரண்டு சோதனைகள் செய்தாயிற்று.

முதல் சரக்கின் சுண்ணாம்புப்பாலை மெல்லிய சல்லடையில் கழுவி ஊற்றி, தங்கிய கல்லை உலர்த்தினால் 22 கிராம். அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பொங்குகிறது. மூட்டையின் அடியில் இருந்ததோ கட்டியைவிட மாவுதான் அதிகம்.

இரண்டாவது, காளவாய் அண்ணா சொன்னபடி டின்னில் அடைத்த புதுக் கல். அதே சொம்பு, அதே அளவுகள், 33-லிருந்து தொடக்கம். 3 நிமிடத்தில் 76. 5 நிமிடத்தில் உச்சம் 88. தட்டு தாளம் போட்டது. முடிவில் எடை பார்த்ததில் 4 கிராம் தண்ணீர் ஆவியாகியிருக்கிறது. அந்த 4 கிராமுக்கு 9 கிலோ ஜூலைத் தனியாகக் கூட்ட வேண்டுமா?

கலோரி_கணக்கு (பதிவு 17)

கூட்டவேண்டாம். 0.014 என்ற கசிவு எண் சொம்பு ஆறும்போது எடுத்தது. அதில் சுவர் வழிக் கசிவும் ஆவியும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. தனியாகக் கூட்டினால் ஒரே இழப்பை இரண்டு முறை எண்ணுகிறோம். 88 டிகிரிப் பக்கம் ஆவி நேர்விகிதத்தைவிடத் தாறுமாறாகக் கூடும் என்பதால் திருத்தம் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவே. ஐந்து நிமிடத்துக்கு 2.5 டிகிரி, ஆவியின் மிகுதிக்காக 3 என்று வைப்போம். உயர்வு 55 + 3 = 58. 1.87-ஆல் பெருக்க 108 கிலோ ஜூல். 93 சதம். நல்ல கல்.

முதல் சரக்கின் 44 கிராம் குறையில் 22 கிராம் சல்லடையில் சிக்கிய வேகாத கல். மீதி 22 கிராம் காற்றில் ஏற்கனவே நீர்த்த மாவும் மணலும். கணக்கு அதே பக்கம்தான் கை காட்டுகிறது.

தண்ணீர் சுத்திகரிப்புக்குச் சுண்ணாம்பு வாங்குகிறவர்களும் இதே 100 கிராம், 400 மி.லி. அளவைத்தான் வைக்கிறார்கள், 25 டிகிரியில் தொடங்கி. மூன்று நிமிடத்துக்குள் 40 டிகிரி ஏறினால் உயர் வீரியம். ஆறு நிமிடத்தைத் தாண்டினால் மந்தம். உங்களுடையது மூன்று நிமிடத்தில் 43. ஆனால் 33-இல் தொடங்கியதால் சற்றுச் சலுகை கிடைத்திருக்கிறது. ஒப்பிட வேண்டுமானால் பானைத் தண்ணீரில் 25-க்குக் கொண்டுவந்து தொடங்குங்கள்.

சைட்_இன்ஜினீயர் (பதிவு 18)

வகுப்பில் செய்வதற்கு முன் பாத்திரம் பற்றி. அலுமினியம் வேண்டாம், சுண்ணாம்புத் தண்ணீர் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் விடும், அதுவே இன்னொரு வெப்ப உமிழ் வினை, உங்கள் கணக்கும் கெடும். கண்ணாடி பீக்கரில் கல் ஒரு பக்கமாக உட்கார்ந்து அங்கே மட்டும் சுட்டால் விரியும். தெர்மோகோல் கப் 90-ஐ ஒட்டி இளகும். சொம்பைச் சுற்றி உறையாக வைக்கலாம், உள்பாத்திரமாக வேண்டாம். தெர்மாமீட்டரால் கிளறக்கூடாது.

மூடிய பாட்டிலில் ஒருபோதும் வேண்டாம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் சுண்ணாம்பும் தண்ணீரும் போட்டு மூடினால் ஆவி போக வழியில்லாமல் வெடித்து, கொதிக்கும் சுண்ணாம்புப்பால் கண்ணில் அடிக்கும். சூட்டுக் காயத்தோடு காரக் காயமும் சேரும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தட்டை மேலே சும்மா வைத்து, பையன்களை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தோலில் காய்ந்த தூள் பட்டால் முதலில் தட்டி உதறிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர். கண்ணில் பட்டால் உடனே தண்ணீர், விடாமல் 20 நிமிடம், கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரி.

பிளஸ்_டூ_பையன் (பதிவு 19)

கேஸ் அடுப்புக்குப் பதிலா சுண்ணாம்புலயே சோறு ஆக்கலாமா சார்?

கலோரி_கணக்கு (பதிவு 20)

1 கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் 46 மெகா ஜூல். அதற்கு 40 கிலோ சுண்ணாம்பு வேண்டும். ஆம்பூர் பிரியாணி அண்டாவுக்கு வேலைக்கு ஆகாது.

குடியாத்தம்_லேப் (பதிவு 21)

அனைவருக்கும் நன்றி. புதுக் கல், 25 டிகிரித் தண்ணீர், சொம்பைச் சுற்றித் துண்டு என்று திங்கட்கிழமை செய்கிறோம். மிஞ்சும் சுண்ணாம்புப்பாலைச் சாக்கடையில் ஊற்றலாமா?

காளவாய்_பக்கம் (பதிவு 22)

ஊத்தாதீங்க சார். சல்லடைல வடிகட்டி, தண்ணி மேல நிக்கற மாதிரி மூடி வெச்சிருங்க, கெடாது. நாலஞ்சி வகுப்பு சேந்ததும் ஒரு பிடி உப்பும் கொஞ்சம் காய்ச்சின கோந்தும் போட்டுக் கலக்கி ஸ்கூல் காம்பவுண்டு செவுத்துக்கு அடிங்க. செவுத்தை மொதல்ல நனைச்சிக்குங்க, இல்லன்னா பொடி உதிரும்.